மூன்று தடவை நீட்டிய விரல்

அத்தியாயம் பதினொன்று

சிறைச்சாலை வாசலில் உட்கார ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. அதில் முக்கால்வாசியை ஒரு பெண்ணும் அவளுடைய இரண்டு பைகளும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் வந்து நின்றதும் அந்தப் பெண் பைகளைக் கீழே இறக்கிவிட்டு, உட்காருங்க என்று நகர்ந்துகொண்டாள்.

சின்னவளை உங்களுக்குத் தெரியும். நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போனவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். கடைக்கு மேல்மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஐந்து வாரத்துக்கு முன்னால், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மதிய வேளையில், அவரை அவருடைய அறையிலேயே யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். மாடியிலிருந்து இறங்கி வந்த ஒருவன் சின்னவளிடம் பஞ்சும் பேண்டேஜும் வாங்கிக்கொண்டு போனான். அவன் முகத்தைப் பார்த்த ஒரே ஆள் இவள்தான்.

வீட்டில் மூன்று பேர். சின்னவள், அவள் கணவர், கணவரின் அக்கா. கணவருக்குப் பத்திரிகை ஆபீஸில் பக்கம் வடிவமைக்கிற வேலை, அதனால் தெருவே அவரை லேஅவுட் என்றுதான் கூப்பிடும். அக்கா ஹெட் கான்ஸ்டபிள், சுருக்கமாக ஏட்டம்மா. டாக்டர் கொலை கேஸ் அவருடைய ஸ்டேஷனில்தான் இருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே போலீஸும் பத்திரிகையும் இருந்தால் சாப்பிட மட்டும்தான் வாயைத் திறக்கலாம் என்று கல்யாணமான புதிதில் சின்னவள் சொல்லிச் சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை.

போன வாரம் லேஅவுட் செய்த காரியத்துக்கு எனக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், அவரை நேரில் கண்டால் அடிக்கவே போய்விடுவீர்கள் போலிருக்கிறது. கைதானவனின் படத்தைத் தன் போனில் அவளிடம் காட்டிவிட்டார். ஆபீஸுக்கு வந்த படம், பார், மாட்டிக்கிட்டான், இனிமே நிம்மதியா தூங்கு என்றார். குற்றச் செய்திகளில் வருகிற முகங்களை மங்கலாக்கித்தான் அந்த மனிதர் சம்பளமே வாங்குகிறார். அப்படிப்பட்டவர், எந்த முகத்தை யாரிடம் காட்டவே கூடாதோ, அதை அவளிடமே கொண்டுபோய் நீட்டினார். அவளும் அன்றைக்கு, கொலைக்குப் பிறகு முதல் தடவையாக, அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். அதைத் தப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் தப்புதான்.

ஏன் தப்பு என்பது இன்று காலை நடக்கப்போவதில் இருக்கிறது. இதற்குப் பெயர் அடையாள அணிவகுப்பு. ஒரே மாதிரி ஆட்கள் பத்துப் பேரை வரிசையாக நிற்க வைப்பார்கள். சந்தேகப்பட்ட ஆள் நடுவில் எங்கேயோ நிற்பான். சாட்சி வந்து, தான் அன்று பார்த்தவனைத் தன் ஞாபகத்திலிருந்து மட்டும் எடுத்துக் காட்ட வேண்டும். முன்கூட்டியே படத்தைப் பார்த்துவிட்டால் அது ஞாபகம் ஆகாது. கேஸை விசாரிக்கிற ஸ்டேஷன்காரர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டவே கூடாது என்பது விதி. அதனால்தான் ஏட்டம்மா தெருமுனையிலேயே ஸ்கூட்டரை நிறுத்தி அவளை இறக்கிவிட்டார்.

"பதறாதே," என்று மட்டும் சொன்னார். "உள்ள போ, பார்த்தவனைக் காட்டு, வெளிய வா. அவ்வளவுதான்."

பெஞ்சில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சின்னவள் வேண்டாம் என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக்காம். எட்டு நாளைக்கு முன்னால், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவனைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். டாக்டர் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தது ஒன்றுதான் அவன் செய்தது, எப்போதோ ஒரு கைகலப்பில் பேர் இருந்ததால் இதையும் அவன் தலையில் கட்டுகிறார்கள் என்றாள். குரலில் அழுகை இல்லை. சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோயிருந்தது.

"உங்களுக்கு உள்ள யாரு?" என்று கேட்டாள்.

யாரும் இல்லை என்று சின்னவள் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் நின்ற வார்டர் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

உள்ளே ஒரு நீளமான அறை. உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள். மேஜைக்குப் பின்னால் மாஜிஸ்திரேட் அம்மா உட்கார்ந்திருந்தார். நடு வயது, ஜலதோஷம் பிடித்த குரல். கேள்விகளை நிதானமாகக் கேட்டார், பதில்களைத் தானே எழுதிக்கொண்டார். பெயர், வேலை, அன்று எத்தனை மணிக்குப் பார்த்தாள், எவ்வளவு தூரத்தில் பார்த்தாள். கடைசியில் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க இப்ப பார்க்கப்போற ஆளுங்கள்ல யாரையாவது இதுக்கு முன்னாடி உங்களுக்கு யாராவது காட்டினாங்களா? நேர்லயோ, போட்டோவுலயோ?"

"இல்லைங்க," என்றாள் சின்னவள்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. ஆமாம் என்றால் புருஷன் பேர் வெளியே வந்துவிடும் என்று மனம் கணக்குப் போடுவதற்கு முன்பே நாக்கு முந்திக்கொண்டது. மாஜிஸ்திரேட் அம்மா எழுதிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தை காகிதத்தில் ஏறியது. இனி அதை அழிக்க ரப்பர் கிடையாது.

பத்துப் பேரும் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறச் சட்டை, ஒரே மாதிரி ரப்பர் செருப்பு. அவளுக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. இடப்பக்கத்திலிருந்து நான்காவது ஆள். விரலை நீட்டினாள். அவளை வெளியே அனுப்பி, ஆட்களை இடம் மாற்றி, மறுபடி கூப்பிட்டார்கள். இப்போது எட்டாவது. மூன்றாவது தடவை இரண்டாவது. எந்த மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே எடுக்கிற கை அது. மூன்று தடவையும் தயங்கவில்லை.

மூன்றாம் தடவை அந்த ஆள் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான்.

"அக்கா, இன்னொரு தடவை நல்லா பாருங்க," என்றான்.

பேசக் கூடாது என்று வார்டர் அதட்டினார். அவன் வாயை மூடிக்கொண்டான். கோபமாகச் சொல்லியிருந்தால் இவன்தான் என்று அவள் மனம் தெளிந்திருக்கும். அவன் கெஞ்சினான், அதுவும் மரியாதையாக.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அவளைப் பக்கத்து வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அந்த ஆளை மேஜைக்கு முன்னால் கொண்டுவந்து, அணிவகுப்பு நடந்த விதத்தில் ஏதாவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். பேனாவை வலது கையில் எடுத்தான். பழக்கமில்லாதவன் எழுதுகிற மாதிரி அழுத்திப் பிடித்தான். கட்டைவிரல் நடுவில் நன்றாக மடிந்து, நகம் வெளுத்தது.

சின்னவள் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் பார்க்கிறோம் என்று அவளுக்கே ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

அன்று கடையில் நின்றவன் பேண்டேஜ் சுருளின் காகித உறையை அங்கேயே பிரிக்கப் பார்த்தான். இடது கையில் வெட்டு, ரத்தம். வலது கையால் பிரிக்கப் போனான், முடியவில்லை. வலது கட்டைவிரல் மடங்காமல் கம்பு மாதிரி விறைத்து நின்றது. பழைய காயம், எலும்பு சேர்ந்து இறுகிப்போன விரல். கத்தரிக்கோல் எடுத்துத் தரலாமா என்று அவள் நினைப்பதற்குள் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டு போய்விட்டான்.

மருந்துக்கடையில் நிற்கிறவர்கள் முகத்தை எங்கே பார்க்கிறார்கள்? சீட்டை நீட்டுகிற கையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் போலீஸ் அவளிடம் உயரம் கேட்டது, நிறம் கேட்டது, மீசை கேட்டது. கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாடியில் டாக்டர் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு வந்த பதற்றத்தில் அவளும் அதை எங்கேயோ தொலைத்துவிட்டாள். ஐந்து வாரம் கழித்து, போயும் போயும் ஒரு சிறைச்சாலை வராந்தாவில் அது திரும்பக் கிடைத்திருக்கிறது.

அந்த விறைத்த விரலுக்குச் சொந்தமான முகத்தை நினைத்துப் பார்த்தாள். போனில் பார்த்த படம்தான் வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மறுபடி நினைத்தாள். மறுபடியும் அதே படம். அவள் பார்த்த நிஜ முகம் போயே போய்விட்டது.

மாஜிஸ்திரேட் அம்மா ஆறு அடி தூரத்தில்தான் இருந்தார். சொல்லியிருக்கலாம். என்னைக் கேட்டால், அந்த நிமிஷத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்போது காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அதில் "எந்தப் புகைப்படமும் எனக்குக் காட்டப்படவில்லை" என்ற வரிக்குக் கீழேயே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. போட்டாள். தன்னை நினைத்தாலே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

வெளியே வந்தபோது அந்தப் பெண் இன்னும் பெஞ்சில்தான் இருந்தாள். வேலை முடிஞ்சுதா என்று விசாரித்தாள். ஆட்டோ வேணும்னா இந்தப் பக்கம் போங்க, அந்தப் பக்கம் கிடைக்காது என்று வழியும் சொன்னாள். சின்னவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. முதலாளி வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார். கையில் போன். லேஅவுட் வேலை பார்க்கிற பத்திரிகையின் இணையப் பக்கத்தில் செய்தி வந்துவிட்டது. மருந்துக்கடைப் பெண் உறுதியாக அடையாளம் காட்டினார், பல் டாக்டர் கொலையில் திருப்பம் என்று கொட்டை எழுத்து. கூடவே கடைக்கு முன்னால் அவள் நிற்கிற படம். அவள் முகத்தை மட்டும் ஒழுங்காக மங்கலாக்கியிருந்தார்கள். தலைக்கு மேலே கடையின் பெயர்ப்பலகை பளிச்சென்று இருந்தது, தெருப் பெயர் உட்பட.

நம்ம கடைக்கு இப்படியொரு விளம்பரம் தேடினாலும் கிடைக்காது என்றார் முதலாளி. அவருக்கு எதைப் பார்த்தாலும் விளம்பரம்தான்.

சின்னவள் கணவருக்குப் போன் செய்தாள். அவர்தான் அந்தப் படத்தைச் சரிசெய்தாராம். அவசரம், பத்து நிமிஷத்தில் கேட்டார்கள், அதனால் முகத்தை மட்டும் பார்த்தேன் என்றார். பலகை தெரிகிறதே என்றதற்குச் சிரித்தார். ஆள் உள்ளே இருக்கிறான், வெளியே யாருக்குப் பயப்படுகிறாய் என்று கேட்டார்.

சீக்கிரம் வீட்டுக்கு வாங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

வெளியே யார் என்று அவளுக்குத் தெரியும், முகம்தான் தெரியாது. அவன் இந்நேரம் இந்தச் செய்தியைப் படித்திருப்பான். தன்னைப் பார்த்த ஒரே ஆள் வேறொருவனைக் காட்டிவிட்டாள் என்று தெரிந்து நிம்மதியாக இருப்பான். அவள் வாயைத் திறக்காத வரைக்கும் அந்த நிம்மதி அவனுக்கு உண்டு. திறந்தால், எந்தக் கடை, எந்தத் தெரு என்று யாரையும் விசாரிக்க வேண்டிய அவசியம்கூட அவனுக்கு இல்லை.

அன்று மதியம் முழுக்க கல்லா மேடைக்கு வந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடங்குகிற கட்டைவிரல்கள். இருமல் மருந்து கேட்ட ஒருவர் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை, எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்தார். சின்னவள் பாட்டிலைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். முதலாளி தொண்டையைச் செருமினார். அந்த மனிதர் சலித்துக்கொண்டே வலது கையை வெளியே எடுத்தார். சாவிக்கொத்து வைத்திருந்தார், விரலெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு மணிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் ஏட்டம்மா சீருடையை மாற்றிக்கொண்டு, காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தார். சின்னவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மூன்று தடவையும் சரியாகக் காட்டினாயாமே, இன்ஸ்பெக்டரே பாராட்டினார் என்றார். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தலையணை உறையை எடுத்து மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கட்டைவிரலைச் சொன்னாள். மாஜிஸ்திரேட்டிடம் சொன்ன பொய்யைச் சொன்னாள். படம் காட்டினது உங்க தம்பி என்பதைச் சொல்லும்போது மட்டும் உறையைக் கீழே வைத்துவிட்டாள்.

ஏட்டம்மா கை மடிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் கேள்விகள் போலீஸ் கேள்விகளாக மாறின. எந்தக் கை, எவ்வளவு நேரம் பார்த்தாய், விரலில் கட்டு ஏதும் இருந்ததா, இதை இதற்கு முன்னால் யாரிடமாவது சொன்னாயா. பயந்த மனசு இல்லாததையெல்லாம் காட்டும், சாட்சிகளை இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன் என்றார். அந்த மெக்கானிக் மேல் பழைய கேஸ் இருக்கிறது, டாக்டரோடு வாய்த்தகராறு போட்டிருக்கிறான், கட்டடத்துக்குள் போகிற வழி வருகிற வழி எல்லாம் தெரிந்தவன் என்றார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. விரல் மட்டும் அதில் எங்கேயும் பொருந்தவில்லை.

"நாளைக்குப் போய் மாஜிஸ்திரேட்கிட்ட சொல்லிடப்போறேன் அண்ணி," என்றாள் சின்னவள். "வாசல்ல அவன் பொண்டாட்டி உக்காந்திருக்கா. எனக்குத் தண்ணி பாட்டிலை நீட்டினா."

ஏட்டம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். தம்பிக்குப் பெண் பார்க்கும்போது வரிசையாக எல்லாரையும் வேண்டாம் என்று சொல்லி, சின்னவளைப் பார்த்ததும் இவள்தான் என்றவர். அந்த வீட்டில் சின்னவள் மனம் கோணாமல் நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அதனால் அவர் சொல்வதை அவள் கவனமாகவே கேட்டாள்.

"போய்ச் சொன்னா முதல் கேள்வியே போட்டோ யார் காட்டினாங்கங்கிறதுதான்," என்றார் ஏட்டம்மா. "அவன் வேலை போகும். அதோட விடுவாங்களா? பொய் சொன்னதுக்கு உன்மேல கேஸ் வரும். என்னையே அனுப்பி உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க. ரெண்டு நாள் பொறு. நான் பார்த்துக்கிறேன். அவன்கிட்ட மட்டும் எதையும் சொல்லாதே, அவனுக்கு மனசுல எதுவும் நிக்காது."

சொல்லிவிட்டு டீ போட எழுந்து சமையலறைக்குப் போனார். மடித்த துணிகள் அளவெடுத்த மாதிரி அடுக்காக இருந்தன.

சின்னவள் யோசித்தாள். ரெண்டு நாள் என்பது அவளுக்கு ரெண்டு நாள். அந்த மெக்கானிக்குக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கும் அது எவ்வளவு என்று தெரியாது. புருஷனிடம் சொல்லாமல் புருஷனைக் காட்டிக்கொடுக்கப் போவதும் அவளுக்குச் சரியாகப் படவில்லை. அதனால் லேஅவுட் உள்ளே வந்து ஷூவைக் கழற்றக் குனிந்தபோதே சொல்லிவிட்டாள். நான் காட்டினது அவன் இல்லை. நாளைக்குப் போய்ச் சொல்லப்போகிறேன். ஆபீஸுக்கு வந்த படத்தை நீங்கள் காட்டினீர்கள் என்பதையும் சொல்ல வேண்டிவரும், என்னை மன்னித்துவிடுங்கள்.

அவர் ஒரு ஷூவோடு அப்படியே நின்றார். பேயறைந்த முகம். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆபீஸ் படம்னு சொல்லாதே. ஆபீஸ்ல கேப்பாங்க."

"வேற எப்படிச் சொல்றது?"

"ஆபீஸுக்கு வந்த படத்துல அவன் தலைல துணி போட்டிருந்தாங்க. முகமே தெரியாது. நான் மறைக்க வேண்டியதே இல்லாமப் போச்சு."

சின்னவளுக்கு முதலில் எதுவும் ஓடவில்லை. அப்படியானால் அவள் பார்த்த முகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அவர் குனிந்து இன்னொரு ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். அவள் மறுபடி கேட்டாள்.

"அக்காதான் என் போனுக்கு அனுப்பினா," என்றார். "ஒரு தடவை அவகிட்ட காட்டு, அவ தூங்குவான்னு சொன்னா. ஆபீஸ்ல வந்துச்சுன்னு சொல்லச் சொன்னா. நீ தூங்கணும்னுதான் நான் நெனச்சேன். சத்தியமா வேற எதுவும் நெனைக்கலை."

சமையலறையில் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. ஏட்டம்மா மூன்று டம்ளர்களோடு வெளியே வந்தார். அவற்றைச் சிந்தாமல் மேஜையில் வைத்தார். தம்பியைப் பார்க்கவில்லை, சின்னவளை மட்டும் பார்த்தார். மறுக்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. வழக்கமாக அவளைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில்தான் பேசினார்.

"அவன்தான் செஞ்சான்னு இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நம்பிட்டுதான் இருந்தேன்," என்றார். "இனிமேயும் நம்பித்தான் ஆகணும். நீயும்தான். உக்காரு, டீயைக் குடி. நாளைக்கு நீ எங்கயும் போகலை."

சின்னவள் உட்காரவில்லை.